'சிட்டிசன் கேன்' கதையை எழுதியது யார்? ஒரு பத்திரிகைக் கட்டுரை கிளப்பிய 50 ஆண்டு சர்ச்சை

உலகின் தலைசிறந்த படம் எது என்று கேட்டால், பல பத்தாண்டுகளாக விமர்சகர்கள் கைகாட்டிய படம் 'சிட்டிசன் கேன்'. அந்தப் படத்தைப் பற்றி 1971-ல் அமெரிக்காவின் 'தி நியூயார்க்கர்' வார இதழ் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. படம் வந்து 30 வருஷம் ஆகியிருந்த நேரம். பழைய படத்தைப் பற்றிய கட்டுரைதானே, படித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால், அது கிளப்பிய கேள்விக்கு ஆவணங்களை வைத்துப் பதில் சொல்லவே பல வருஷம் ஆனது. 2020-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ஒரு படத்தால் அதே சண்டை மறுபடியும் சூடுபிடித்தது.

அந்தக் கட்டுரையில் அப்படி என்ன இருந்தது? யார் சொன்னது சரி? ஒரு மனிதரின் உழைப்பை மீட்டெடுக்க எழுதிய கட்டுரை, இன்னொருவரின் உழைப்பை எப்படி மறைத்தது? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், அது என்ன படம்?

'சிட்டிசன் கேன்' 1941 மே 1-ம் தேதி நியூயார்க்கில் வெளியானது. தயாரிப்பு ஆர்கேஓ நிறுவனம். இயக்கி, தயாரித்து, கதாநாயகனாக நடித்தவர் ஆர்சன் வெல்ஸ். ரிலீஸின்போது அவருக்கு 26 வயதுகூட முடியவில்லை. நாடகத்திலும் வானொலியிலும் பெயர் வாங்கியவர் என்றாலும், ஹாலிவுட்டில் அவர் முடித்த முதல் முழுநீளப் படம் இதுதான்.

சார்லஸ் ஃபாஸ்டர் கேன் என்ற பத்திரிகை முதலாளி 'ரோஸ்பட்' என்ற ஒற்றை வார்த்தையைச் சொல்லிவிட்டு இறக்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு செய்தியாளர் தேடிப் போகிறார். கேனுடன் பழகிய ஒவ்வொருவரும் ஒவ்வொரு கேனைப் பற்றிச் சொல்கிறார்கள். விடை கடைசிக் காட்சியில் இருக்கிறது. அதைப் படத்திலேயே பார்ப்பதுதான் நல்லது.

கேன் பாத்திரத்துக்கு முக்கிய முன்மாதிரி, அந்தக் காலத்தின் பெரும் பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட். அவருடைய பத்திரிகைகள் படத்தைப் புறக்கணித்தன. 9 ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தும், படம் வென்றது ஒன்றே ஒன்றுதான்: சிறந்த அசல் திரைக்கதை. அந்த விருதைப் பகிர்ந்துகொண்டவர்கள் ஹெர்மன் ஜே. மேன்கிவிட்ஸ், ஆர்சன் வெல்ஸ். இருவருமே விழாவுக்கு வரவில்லை.

பிறகு படத்தின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 10 ஆண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பில் 1962 முதல் 2002 வரை தொடர்ந்து ஐந்து முறை முதலிடம். 2012-ல் இரண்டாம் இடம், 2022-ல் மூன்றாம் இடம். புகழ் ஏற ஏற, 'சிட்டிசன் கேன் என்றால் ஆர்சன் வெல்ஸ்' என்பதும் உறுதியானது. மேன்கிவிட்ஸ் பெயர் மெல்ல மறைந்துபோனது.

யார் இந்த மேன்கிவிட்ஸ்?

நியூயார்க்கில் பத்திரிகையாளராகவும் நாடக விமர்சகராகவும் இருந்து, ஹாலிவுட்டுக்குப் போன எழுத்தாளர். நகைச்சுவையான பேச்சுக்குப் பேர்போனவர். குடியும் சூதாட்டமும் அவருடைய வாழ்க்கையைப் பாதித்தன. ஹர்ஸ்டின் மாளிகையில் விருந்தாளியாகத் தங்கியவர் என்பதால், அந்த உலகத்தை உள்ளே இருந்து பார்த்தவர். 'ஆல் அபவுட் ஈவ்' படத்தை இயக்கிய ஜோசப் எல். மேன்கிவிட்ஸ் இவருடைய தம்பி.

1939-ல் நடந்த கார் விபத்தில் அவருக்குக் கால் முறிந்தது. மறு ஆண்டின் தொடக்கத்தில், கலிஃபோர்னியாவின் பாலைவனப் பகுதியில் உள்ள விக்டர்வில் என்ற ஊரின் பண்ணை ஒன்றில் தங்கி திரைக்கதையைத் தொடங்கினார். காலில் மாவுக்கட்டு. அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டவர் செயலாளர் ரீட்டா அலெக்சாண்டர். அவர் குடிக்காமல் வேலை செய்கிறாரா என்று பார்த்துக்கொள்ளவும், எழுதுவதைத் திருத்தவும் கூடவே இருந்தவர் ஜான் ஹவுஸ்மேன். இவர் வெல்ஸின் பழைய நாடகக் கூட்டாளி. 1939 இறுதியில் வெல்ஸுடன் பெரிய சண்டை போட்டுப் பிரிந்து, இந்த வேலைக்காகத் திரும்பி வந்தவர். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மேன்கிவிட்ஸுக்குச் சம்பளம் வாரத்துக்கு 1,000 டாலர். ஒப்பந்தப்படி திரையில் எழுத்தாளராகப் பெயர் கேட்கும் உரிமை அவருக்கு இல்லை. ஆனால் படம் உருவான பிறகு தன் பெயர் வர வேண்டும் என்று போராடினார். விவகாரம் திரைக்கதை எழுத்தாளர் சங்கம் வரை போனது. கடைசியில் திரையில் இரண்டு பெயரும் வந்தன. முதலில் மேன்கிவிட்ஸ், அடுத்து வெல்ஸ்.

1971 கட்டுரை என்ன சொன்னது?

கட்டுரையை எழுதியவர் பாலின் கேல். 'தி நியூயார்க்கர்' இதழின் திரைப்பட விமர்சகர். அமெரிக்காவில் ஒரு தலைமுறையே அவருடைய விமர்சனத்தைப் படித்துத்தான் சினிமாவைப் பேசக் கற்றது என்று சொல்லும் அளவுக்குச் செல்வாக்கு. 'சிட்டிசன் கேன்' திரைக்கதையைப் புத்தகமாக வெளியிடும் திட்டத்துக்காக அவர் எழுதிய முன்னுரைதான் இந்தக் கட்டுரை. சுமார் 50,000 வார்த்தை! பிப்ரவரி 20, 27 தேதியிட்ட இரண்டு இதழ்களில் வெளியானது. அதே ஆண்டு புத்தகமாகவும் வந்தது.

தலைப்பு 'ரெய்சிங் கேன்'. இதே ஓசையில் ஆங்கிலத்தில் 'ரகளை பண்ணுவது' என்று பொருள்படும் ஒரு வழக்கு உண்டு. பெயருக்கு ஏற்ற மாதிரியே ரகளை ஆனது.

கட்டுரையின் மையவாதம் இதுதான்: 'சிட்டிசன் கேன்' திரைக்கதை ஏறக்குறைய முழுவதும் மேன்கிவிட்ஸின் உழைப்பு. படப்பிடிப்புக்குப் போன திரைக்கதையில் வெல்ஸ் ஒரு வரிகூட எழுதவில்லை. இதற்கு ஆதாரமாக வைத்தது செயலாளர் ரீட்டா அலெக்சாண்டரின் வாக்குமூலம். ஹவுஸ்மேன் சொன்னதும் கட்டுரைக்குப் பெரிதும் பயன்பட்டது.

ஏன் இப்படி எழுதினார் என்பதற்கும் ஒரு பின்னணி உண்டு. ஒரு படத்தின் உண்மையான படைப்பாளி இயக்குநர்தான் என்ற 'ஒத்யர்' கோட்பாடு 1960-களில் அமெரிக்காவில் வேகமாகப் பரவியது. அதை அங்கே பிரபலப்படுத்திய விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ். அதை எதிர்த்து பாலின் கேல் 1963-லேயே ஒரு கட்டுரை எழுதியிருந்தார். இயக்குநரை மட்டும் கொண்டாடினால் எழுத்தாளர், ஒளிப்பதிவாளர், நடிகர் எல்லாரும் காணாமல் போய்விடுவார்கள் என்ற கவலையில் நியாயம் இருந்தது. அந்த வாதத்துக்கு 'சிட்டிசன் கேன்' படத்தைவிடப் பெரிய உதாரணம் கிடைக்காது இல்லையா?

அப்போ சிக்கல் எங்கே?

முதல் சிக்கல்: கட்டுரைக்காக பாலின் கேல் வெல்ஸிடம் பேசவே இல்லை. 1971-ல் வெல்ஸ் உயிரோடு இருந்தார். படம் எடுத்துக்கொண்டும் நடித்துக்கொண்டும் இருந்தார். மேன்கிவிட்ஸ் 1953-லேயே இறந்துவிட்டார். ஆக, நேரடியாக விஷயம் தெரிந்த இருவரில், கேட்கக்கூடிய நிலையில் இருந்தவர் ஒருவர்தான். அவரைத்தான் கேட்கவில்லை.

இரண்டாவது: பேசியவர்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்தைச் சேர்ந்தவர்கள். ரீட்டா அலெக்சாண்டர் மேன்கிவிட்ஸின் செயலாளர். மேன்கிவிட்ஸ் எழுதியதைத்தான் அவர் பார்த்திருக்க முடியும். வெல்ஸ் வேறு ஊரில் உட்கார்ந்து எழுதியிருந்தால் அது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஹவுஸ்மேனோ வெல்ஸுடன் சண்டை போட்டவர். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. தாங்கள் இருந்த அறையில் நடந்ததைச் சொன்னார்கள், அவ்வளவுதான். வெல்ஸின் செயலாளராக இருந்த கேத்தரின் ட்ராஸ்பரை பாலின் கேல் அணுகவில்லை. வெல்ஸ் ஒன்றுமே எழுதவில்லை என்றால், அவருக்காகத் தான் ஓயாமல் டைப் செய்தது எதை என்று பின்னர் ட்ராஸ்பர் திருப்பிக் கேட்டார்.

மூன்றாவதுதான் பெரியது: கட்டுரைக்குப் பின்னால் இருந்த ஆராய்ச்சியில் ஒரு பெரிய பகுதி இன்னொருவருடையது. அவர் பெயர் ஹோவர்ட் சூபர். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் திரைப்படம் கற்பித்தவர். 'சிட்டிசன் கேன்' பற்றி வகுப்பு நடத்தி, படத்துடன் தொடர்புடையவர்களைச் சந்தித்துப் பேட்டி எடுத்து, திரைக்கதை உருவான விதத்தை ஆராய்ந்தவர். புத்தகத்தில் அவருடைய கட்டுரையும் வரும் என்ற பேச்சின் அடிப்படையில் தன் ஆராய்ச்சியை பாலின் கேலிடம் கொடுத்தார். புத்தகம் வந்தபோது அவருடைய கட்டுரை அதில் இல்லை. நன்றி என்ற அளவில்கூட அவர் பெயர் வரவில்லை. எழுத்தாளருக்குரிய பெயர் மறுக்கப்பட்டது என்று வாதாடிய கட்டுரையிலேயே இது நடந்தது.

வெல்ஸ் தரப்பு என்ன செய்தது?

1971 நவம்பரில் லண்டனின் 'தி டைம்ஸ்' நாளிதழுக்கு வெல்ஸ் ஒரு கடிதம் எழுதினார். படத்தின் தொடக்க யோசனையும் அடிப்படைக் கட்டமைப்பும் இருவரும் சேர்ந்து பேசி உருவாக்கியவை. அதன் பிறகு பிரிந்து எழுதினோம். விக்டர்வில்லில் மேன்கிவிட்ஸ் ஒரு திரைக்கதை எழுதினார், பெவர்லி ஹில்ஸில் தான் இன்னொன்று எழுதினேன் என்பது அவருடைய விளக்கம்.

1972 அக்டோபரில் 'எஸ்குயர்' இதழில் நீண்ட மறுப்புக் கட்டுரை வந்தது. எழுதியவர் 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ' படத்தின் இயக்குநர் பீட்டர் போக்தனோவிச். தலைப்பு 'தி கேன் மியூட்டினி'. சூபர் விவகாரம், ட்ராஸ்பரின் கேள்வி இரண்டையும் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது இந்தக் கட்டுரைதான்.

இதிலும் ஒரு திருப்பம் உண்டு. போக்தனோவிச் வெல்ஸின் நெருங்கிய நண்பர். அந்தக் கட்டுரையை எழுதியதில் வெல்ஸுக்கே பெரிய பங்கு இருந்ததாக விமர்சகர் ஜோனதன் ரோசன்பாம் பின்னாளில் பதிவு செய்தார். ஆக, முதல் கட்டுரை ஒரு பக்கம் சாய்ந்தது என்றால், பதில் கட்டுரையும் நடுநிலையான இடத்திலிருந்து வந்ததல்ல.

பாலின் கேல் இந்தக் குற்றச்சாட்டுகளுக்கு வெளிப்படையாகப் பதில் சொல்லவில்லை. 2001-ல் இறந்தார். சூபர் சொன்னதை, பாலின் கேலின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பிரையன் கெல்லோ 2011-ல் வெளியான தன் புத்தகத்தில் விரிவாக எழுதினார்.

ஆவணங்கள் என்ன சொல்கின்றன?

இரண்டு பக்கமும் நினைவுகளை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, ராபர்ட் கேரிங்கர் என்ற பேராசிரியர் வேறு வழியில் போனார். ஆர்கேஓ நிறுவனத்தின் கோப்புகளில் 'சிட்டிசன் கேன்' திரைக்கதையின் ஏழு வடிவங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் அடுத்ததுடன் ஒப்பிட்டு, எது எப்போது சேர்ந்தது, எது எப்போது நீக்கப்பட்டது என்று பார்த்தார். அந்த ஆய்வு 1978-ல் கட்டுரையாகவும், 1985-ல் படம் உருவான கதையைச் சொல்லும் புத்தகத்தின் பகுதியாகவும் வந்தது.

அவர் கண்டது இதுதான். மேன்கிவிட்ஸின் முதல் வடிவத்தின் பெயர் 'அமெரிக்கன்'. படத்தின் கதைச் சட்டகம், பாத்திரங்கள், பல முக்கியக் காட்சிகள் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. ஆனால் அது மிக நீளம். பல இடங்களில் ஹர்ஸ்டின் வாழ்க்கையை அப்படியே ஒட்டிச் செல்கிறது. விக்டர்வில் பிரதி வெல்ஸ் கைக்கு வந்ததற்கும், 1940 ஜூலையில் இறுதி வடிவம் தயாரானதற்கும் இடைப்பட்ட வாரங்களில் திரைக்கதை பெரிய அளவில் மாறுகிறது. நீண்ட காட்சிகள் சுருங்குகின்றன. கேனின் முதல் திருமணம் கசந்துபோவதைச் சில நிமிடங்களில் சொல்லிவிடும் காலை உணவு மேசைக் காட்சி இந்த மாற்றத்துக்கு நல்ல உதாரணம். இந்தக் கட்டத்தில் வெல்ஸின் பங்குதான் முதன்மையானது என்பது கேரிங்கரின் முடிவு.

ஆக, வெல்ஸ் ஒரு வரிகூட எழுதவில்லை என்ற வாதம் நிற்கவில்லை. வெல்ஸ் மட்டும்தான் எல்லாம் என்ற பழைய நம்பிக்கையும் நிற்கவில்லை. 'ரோஸ்பட்' யோசனை மேன்கிவிட்ஸுடையது என்று வெல்ஸே போக்தனோவிச்சிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பாலின் கேல் கட்டுரையால் பயனே இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. மேன்கிவிட்ஸ் என்ற பெயரை மறுபடியும் பேச வைத்தது அந்தக் கட்டுரைதான். 1930-களின் ஹாலிவுட் எழுத்தாளர்கள் எப்படிப்பட்டவர்கள், பத்திரிகை அலுவலகத்திலிருந்து வந்த அவர்களுடைய வேகமும் கிண்டலும் படங்களை எப்படி மாற்றின என்பதை அது படிக்கச் சுவையாகச் சொன்னது. கேரிங்கர் போன்றவர்கள் கோப்புகளைத் தேடிப் போகக் காரணமான சண்டையைத் தொடங்கி வைத்ததும் அதுதான்.

அதே நேரம், கட்டுரையின் வீச்சுதான் அதன் ஆபத்தாகவும் ஆனது. தகவல் சரிபார்ப்புக்குப் பேர்போன இதழில், பெரிய பெயர் கொண்டவர், நன்றாக எழுதியது. படித்தவர்கள் நம்பினார்கள். மறுப்பு வேறொரு இதழில், ஒன்றரை வருஷத்துக்கு மேல் கழித்து வந்தது. முதலில் படித்த எல்லாரும் இரண்டாவதையும் தேடிப் படித்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா?

'மேங்க்' படம் ஏன் சண்டையை மறுபடி கிளப்பியது?

2020-ல் டேவிட் ஃபின்ச்சர் இயக்கத்தில் வந்த 'மேங்க்', மேன்கிவிட்ஸ் விக்டர்வில்லில் திரைக்கதை எழுதும் கதை. கேரி ஓல்ட்மேன் நடித்திருந்தார். திரைக்கதை இயக்குநரின் தந்தை ஜாக் ஃபின்ச்சருடையது. 2003-ல் இறந்துவிட்ட அவர் அதை எழுதத் தூண்டுதலாக இருந்தது பாலின் கேலின் கட்டுரை. 10 ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்று, ஒளிப்பதிவு, கலை இயக்கம் ஆகிய இரண்டில் படம் வென்றது.

படம் மேன்கிவிட்ஸ் பக்கம் சாய்ந்திருப்பதாக வெல்ஸ் ஆய்வாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆவணங்கள் வெளியாகிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும், 1971 கட்டுரை சொன்ன கதை புதிய ரசிகர்களிடம் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு நல்ல கட்டுரைக்கு ஆயுள் அவ்வளவு அதிகம்.

பழைய படம் பற்றி எழுதுபவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

இந்த விவகாரம் இன்றைக்கும் பொருந்துவது இங்கேதான். ஒரு கிளாசிக் படத்துக்கு 25 வருஷம், 50 வருஷம் ஆகும்போதெல்லாம் சிறப்புக் கட்டுரைகள் வருகின்றன. யாருடைய பெயர் நிலைக்கும் என்பதை அவையும் தீர்மானிக்கின்றன.

படத்தை மறுபடியும் பாருங்கள்: கேன் இறக்கும்போது அறையில் யாருமே இல்லையே, 'ரோஸ்பட்' என்று சொன்னது எப்படித் தெரியும் என்று பலர் இந்தப் படத்தில் குறை கண்டுபிடிப்பதுண்டு. ஆனால் அந்த வார்த்தையைத் தான் கேட்டதாகப் படத்தின் பிற்பகுதியில் வேலையாள் ரேமண்ட் சொல்கிறார். பார்க்காமல் எழுதினால் இந்த மாதிரிக் கதைகள்தான் பரவும்.

நினைவையும் ஆவணத்தையும் சேர்த்து வையுங்கள்: 30 வருஷம் கழித்துக் கேட்டால், மனிதர்கள் தாங்கள் பார்த்த பகுதியைத்தான் சொல்வார்கள். தேதியிட்ட பிரதி, ஒப்பந்தம், கடிதம் ஆகியவை அதைச் சரிபார்க்க உதவும்.

யாரைக் கேட்கவில்லை என்று பாருங்கள்: ஒருவருக்குச் சாதகமாக எழுதும்போது இன்னொருவருக்குப் பாதகம் வரலாம். அந்த இன்னொருவர் உயிரோடு இருந்தால், அச்சுக்குப் போகும் முன் ஒரு போன் அவருக்குப் போக வேண்டும்.

உதவியவர் பெயரைப் போடுங்கள்: சூபரின் பெயரைச் சேர்க்க ஒரு வரி போதுமாக இருந்திருக்கும்.

இப்போதைய நிலை என்ன?

'சிட்டிசன் கேன்' திரைக்கதை மேன்கிவிட்ஸ், வெல்ஸ் இருவரின் கூட்டு உழைப்பு என்பதே இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் நிலை. யார் பங்கு எத்தனை சதவீதம் என்பதில் மட்டும் வாதம் தொடர்கிறது. படத்தின் டைட்டில் கார்டு 1941-லேயே சொன்னதும் இதைத்தான். அதில் இருந்த இரண்டு பெயரில் ஒன்றை முதலில் ரசிகர்கள் மறந்தார்கள். இன்னொன்றைப் பிறகு ஒரு கட்டுரை அழிக்கப் பார்த்தது. ஏழு பிரதிகளையும் பொறுமையாகப் புரட்டிய பிறகு, அந்த இரண்டு பெயரும் பழைய இடத்துக்கே திரும்பி வந்தன.